நடு ஹாலில் ஒரு யானை!

தொண்டாமுத்தூர் பக்கம் ராத்திரியில் யானை வந்தால் யாரும் சும்மா இருப்பதில்லை. முதலில் பார்க்கிறவர், ‘யானை வந்திருச்சுங்கோ!’ என்று ஒரு சத்தம் போடுவார். அவ்வளவுதான், வீட்டுக்கு வீடு லைட் எரியும். வனத்துறைக்கு போன் பறக்கும்.

இங்கிலீஷ்காரர்களின் யானை வேறு மாதிரி. ‘எலிஃபென்ட் இன் த ரூம்’ என்று ஆபீஸ் மீட்டிங்கில் யாராவது எடுத்து விட்டிருப்பார்கள். நடு ஹாலில் யானை நிற்கிறது. எல்லோருக்கும் தெரிகிறது. ஆனாலும், ‘காபிக்குச் சர்க்கரை போதுமா?’ என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். தெரிந்தே தவிர்ப்பது... அதுதான் அர்த்தம்.

நம்ம ஊர் முழுப் பூசணிக்காய் சமாசாரம்தானே என்கிறீர்களா? இல்லை சார். பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒரே ஆள் போதும். யானையைப் பார்க்காதது போல நடிக்க வீடே கூட்டுச் சேர வேண்டும்!

இந்த யானைக்குப் பூர்வீகம் ரஷ்யா என்பார்கள். 1814-ல் இவான் கிரிலோவ் ஒரு கதை எழுதினார். மியூசியத்துக்குப் போனவன் ஈ, வண்டு, பூச்சி என்று ஒன்று விடாமல் வர்ணிக்கிறான். ‘யானை எப்படி?’ என்றால், ‘அட, அதை நான் கவனிக்கவே இல்லையே!’ என்கிறான். 1959-ல் நியூயார்க் டைம்ஸ், பள்ளிக்கூடங்களுக்குப் பணம் திரட்டும் பிரச்னையை ஹாலில் நிற்கும் யானைக்கு ஒப்பிட்டது. 1984-ல்தான் விஷயம் நெஞ்சைத் தொட்டது. குடிகாரர் இருக்கிற வீட்டுக் குழந்தைகளுக்காக இந்த யானையின் பெயரிலேயே அமெரிக்காவில் ஒரு புத்தகம் வந்தது.

நம் வீடுகளில் மட்டும் யானை இல்லையா என்ன? அப்பாவின் பாட்டில்... அண்ணனின் ஆன்லைன் ரம்மி கடன்... கேட்டால், ‘கம்முனு இரு. அக்கம்பக்கத்துல தெரிஞ்சா மானம் போயிரும்!’ அக்கம்பக்கத்துக்கு அது தெரிந்து ஆறு மாசம் ஆகியிருக்கும். தெரியாத மாதிரி இருப்பது நாம்தான்.

2025 ஜனவரியில், கோவையை அடுத்த தெற்குப்பாளையத்தில் வடமாநிலத் தொழிலாளர்கள் தங்கியிருந்த அறைக்கு நிஜ யானையே வந்தது. சமைத்துக்கொண்டிருந்தவர்கள் முதலில் செய்த காரியம், கேஸை அணைத்ததுதான். யானை அரிசியைத் தேடி எடுத்துக்கொண்டு போயிற்று. ஆட்கள் தப்பினார்கள்.

வீட்டு யானைக்கும் அதே வழிதான். ராத்திரி போதையில் இருப்பவரிடம் பாய வேண்டாம். அடுப்பு எரிகிற நேரம் அது. காலையில், தெளிவாக இருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்: ‘அப்பா, இதைப் பத்திப் பேசணுங்க.’ அரசு ஆஸ்பத்திரிக்குக் கூடவே போய் டாக்டரைப் பாருங்கள்.

முதல் சத்தம் போடுகிறவருக்குத் திட்டு விழத்தான் செய்யும். போடாவிட்டால் சுவரே விழும்!