உள்ளே நடப்பதைக் காட்டும் பியானோ

சுத்தியல்கள் எழுந்து தந்திகளைத் தட்டித் திரும்புவதை எதிரே அமர்ந்திருப்போரும் காணக்கூடிய கிராண்ட் பியானோ ஒன்று, 1951-இல் ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகரக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. கருமெருகு பூசிய மரப் பேழைக்குப் பதிலாக, ஒளி ஊடுருவும் அக்ரிலிக் உறை. அதைத் தயாரித்தது பிரவுன்ஷ்வைக் நகரின் ஷிம்மல் நிறுவனம்.

உறைக்கான பொருளுக்கு ஒரு போர்க்கால வரலாறு உண்டு. 1933-இல் ஜெர்மனியில் பிளெக்ஸிகிளாஸ் என்ற வணிகப் பெயர் பெற்ற அக்ரிலிக் தகடு, இரண்டாம் உலகப் போரில் போர் விமானங்களின் விமானி அறை மூடியாகப் பயன்பட்டது. போர் ஓய்ந்த 6 ஆண்டுகளில் இசைக்கருவிக்கு உறையாயிற்று. 1885-இல் ஷிம்மல் தொடங்கப்பட்ட லைப்சிக் நகரமோ, அதற்குள் கிழக்கு ஜெர்மனியின் பகுதியாகிவிட்டது.

ஒளிவுமறைவற்ற தோற்றத்தை அன்றைய மேற்கு ஜெர்மனியின் அரசியலும் விரும்பியது. 1949-இல் பான் நகரில் கூடிய நாடாளுமன்ற அவைக்குக் கண்ணாடிச் சுவர்களை அமைத்தார் கட்டடக் கலைஞர் ஹான்ஸ் ஷ்விப்பெர்ட். உள்ளே நடக்கும் விவாதத்தை மக்கள் வெளியிலிருந்தே காண முடிந்தது.

பியானோவில் அக்ரிலிக்கின் பணிக்கு எல்லை உண்டு. ஏறத்தாழ 230 தந்திகளின் சுமார் 20 டன் இழுவிசையைத் தாங்குவது வார்ப்பிரும்புச் சட்டம். தந்திகளின் மெல்லதிர்வை அரங்கம் நிறைக்கும் நாதமாக மாற்றுவது ஸ்புரூஸ் மரத்தாலான மெல்லிய ஒலிப்பலகை. ஜப்பானின் கவாய் நிறுவனம் தயாரித்த தெளிவுறைப் பியானோக்களிலும் இந்த அமைப்பே தொடர்ந்தது. ஆகவே ஈரக்காற்றில் மரம் விம்மிச் சுருதி விலகும் தொல்லையிலிருந்து இவையும் தப்புவதில்லை. அக்ரிலிக்கில் எளிதில் கீறல் விழுவதும் தூசி ஒட்டுவதும் கூடுதல் தொல்லைகள். இருந்தும் ஆஸ்திரியப் பாடகர் உடோ யூர்கன்ஸ், ஜப்பானிய ராக் இசைக் கலைஞர் யோஷிகி போன்றோர் இவற்றை மேடையேற்றிப் புகழ் சேர்த்தனர். 2016-இல் ஷிம்மலின் 90 சதவீதப் பங்குகள் சீனாவின் பேர்ல் ரிவர் நிறுவனத்திடம் சென்றன.

பான் நகரின் கண்ணாடிச் சுவர்களுக்கும் ஓர் எல்லை இருந்தது. மசோதாக்களை ஆராயும் குழுக்கள் பொதுவாக மூடிய கதவுகளுக்குள்ளேயே கூடின. இந்தியாவிலும் நாடாளுமன்ற அவை நடவடிக்கைகள் நேரடியாக ஒளிபரப்பாகின்றன. மசோதாக்களை அலசும் நிலைக்குழுக் கூட்டங்களுக்குப் பார்வையாளர்களோ செய்தியாளர்களோ அனுமதிக்கப்படுவதில்லை. உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி மனம் திறந்து பேச அந்த மறைப்பு தேவை என்பது அதற்குக் கூறப்படும் காரணம்.

பியானோவின் உறையை மாற்றியவர்களோ, நாதம் பிறக்கும் மரப்பலகையையும் சேர்த்தே பார்வைக்கு வைத்தனர். அதனால் இசை கெட்டுவிடவில்லை.