ஒரு தாளத்துக்கு எத்தனை பாடகர்?

2003ஆம் ஆண்டு அமெரிக்கப் பாடல் தரவரிசையில் ஜமைக்கப் பாடகர் ஷான் பாலின் 'கெட் பிஸி' முதலிடம் பிடித்தது. அதே ஆண்டில் வெய்ன் வொண்டரின் 'நோ லெட்டிங் கோ', நியூயார்க் பாடகி லுமிடீயின் 'நெவர் லீவ் யூ' ஆகியவையும் பெரும் வெற்றி பெற்றன. மூன்று பாடல்களுக்கும் அடியில் ஒலிப்பது ஒரே கைதட்டல் தாளம்தான். ஜமைக்காவில் 'லென்கி' என்று அழைக்கப்படும் ஸ்டீவன் மார்ஸ்டன் அமைத்த அந்தத் தாளத்துக்குப் பெயர் 'திவாலி'. ஆம், நம் தீபாவளியேதான். இதைக் கேட்டதும் நம்மில் பலருக்கு 'காப்பி' என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஜமைக்காவில் இது திருட்டல்ல, முறை. டிரம்ஸும் பேஸும் சேர்ந்த அடித்தளத்தை அங்கே 'ரிடிம்' என்கிறார்கள். அதன்மேல் யார் வேண்டுமானாலும் சொந்த மெட்டும் வரிகளும் கட்டலாம். பின்னணி எல்லோருக்கும் ஒன்றே என்பதால்தான் பாடகரின் தனித்தன்மை அங்கே ஒளிந்துகொள்ள இடமின்றி வெளிப்படுகிறது என்பது என் வாதம்.

'செலவை மிச்சம் பிடிக்கும் வழிதானே இது?' என்று கேட்கலாம். தொடக்கம் அப்படித்தான். வாத்தியக்காரர்களுக்கு ஒரு முறை கூலி கொடுத்துப் பதிவுசெய்த நாடாவைத் தயாரிப்பாளர்கள் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். ஆனால் அந்தச் சிக்கனத்திலிருந்து ஒரு கலையே பிறந்தது. 1970இல் யூ-ராய் என்ற கலைஞர் பழைய பாடல்களின் இசைமேல் பேச்சும் பாட்டுமாகத் தன் குரலை ஓடவிட்டு ஜமைக்காவையே ஆட்டிவைத்தார். தெருவில் பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி நடக்கும் 'சவுண்ட் சிஸ்டம்' ஆட்டங்களில் ஒரே ரிடிமில் வந்த பாடல்களை இடைவெளியின்றி அடுத்தடுத்துப் போடுவார்கள். தாளம் நிற்காது; குரல் மட்டும் மாறும். யாருடைய குரலுக்குக் கூட்டம் ஆர்ப்பரிக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். 'திவாலி'யில் ஷான் பால் ஆட்டத்துக்கு அழைக்கிறார், வெய்ன் வொண்டர் காதலில் உருகுகிறார், பவுன்ட்டி கில்லர் ஏழைகளின் பாட்டைப் பாடுகிறார். சலிப்பு தட்டும் என்பவர்கள் இந்த மூன்றையும் வரிசையாகக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் பணம் பற்றியது. வின்ஸ்டன் ரைலி தயாரிப்பில் 1973இல் வந்த 'ஸ்டாலக்' ரிடிமில்தான் சிஸ்டர் நான்சி 1982இல் 'பேம் பேம்' பாடினார். உலகமே கேட்ட அந்தப் பாட்டுக்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உரிமைத்தொகை வரவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஜமைக்காவுக்குச் சொந்தமான காப்புரிமைச் சட்டம் 1993இல்தான் வந்தது; அதுவரை 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டமே அங்கே செல்லுபடியானது. இந்த அநியாயத்தை மறுக்க முடியாது. ஆனால் நான்சியை வஞ்சித்தது பகிர்தல் அல்ல, கணக்கு. தாளத்துக்கு ஒரு பங்கு, குரலுக்கு ஒரு பங்கு என்று பிரித்து எழுதியிருந்தால் அதே 'ஸ்டாலக்' இருவருக்குமே சோறு போட்டிருக்கும். ஜமைக்கத் தயாரிப்பாளர்களான ஸ்டீலி–கிளீவி இணையின் 1989ஆம் ஆண்டுத் தாளம் 'ரெகேட்டன்' எனும் ஸ்பானிய மொழி நடனப் பாடல்களுக்கு அடித்தளமாகிவிட்டது என்று 2021இல் அமெரிக்க நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட வழக்கையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். தாளம் அமைத்தவர்களுக்கு உரிய பங்கு சேரட்டும். அதற்காக அடுத்த பாடகரின் வாயை அடைக்க வேண்டியதில்லை.