தொண்டைப் பரிசோதனை: ஏன் காத்திருக்கச் சொல்கிறோம்?

குழந்தையின் தொண்டையில் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்ததும், "மருந்தை இன்றே தரக்கூடாதா?" என்று பெற்றோர் கேட்கின்றனர். பெரும்பாலான தொண்டை வலி வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. ஆகவே மாதிரியை ஆட்டு இரத்தம் கலந்த அகார் தட்டில் தடவி, ஓரிரு நாள் வளரவிடுகிறோம். 'ஏ' பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி இருந்தால், சிவப்பணுக்களைக் கரைத்துத் தன்னைச் சுற்றித் தெளிந்த வளையம் உண்டாக்கும். பாசிட்ராசின் வில்லையின் அருகில் வளராது.

இதற்குச் சிகிச்சை தவறினால் சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வுகள் பழுதடையலாம். நோய் தொடங்கிய 9 நாட்களுக்குள் மருந்தைத் தொடங்கினால் அதைத் தடுக்க இயலும். எனவே இச்சிறு காத்திருப்பைக் குறித்து அஞ்ச வேண்டாம். கிருமி உறுதியாகிப் பென்சிலின் மாத்திரை தந்தால், வலி நின்ற பின்னும் 10 நாட்களும் தவறாமல் கொடுங்கள்.