அண்ணன் தம்பி சேர்ந்து தோட்டம் வாங்குகிறீர்களா? பங்கைப் பத்திரத்தில் எழுதுங்கள்

தேவாரம் பகுதியில் தென்னந்தோப்போ திராட்சைத் தோட்டமோ வாங்க ஒருவர் கையிருப்பு போதாதபோது, அண்ணன் தம்பி சேர்ந்து வாங்குவது உண்டு. வெளியூரில் வேலை பார்க்கும் அண்ணன் பெரும்பகுதிப் பணம் தருவார். ஊரில் இருக்கும் தம்பி தோட்டத்தைப் பார்த்துக்கொள்வார். நல்ல ஏற்பாடுதான். ஆனால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே நான்கு விஷயங்களை முடிவு செய்துவிடுங்கள்.

1. பத்திரம் யார் பெயரில்?
அண்ணன் பணத்தில் தம்பி பெயரில் மட்டும் வாங்கினால், 2016-ல் திருத்தப்பட்ட பினாமி சட்டப்படி அது பினாமி சொத்தாகலாம். அரசு பறிமுதல் செய்யவும் வழி உண்டு. நிலத்தை மீட்க அண்ணன் வழக்குப் போடவும் முடியாது. கணக்கில் காட்டிய பணத்தில், இருவர் பெயரிலும் கிரயம் செய்வதே பாதுகாப்பு. அண்ணன் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால், விவசாய நிலத்தை விலைக்கு வாங்க அந்நியச் செலாவணி விதிகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. முதலில் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

2. பங்கு எவ்வளவு?
20 லட்சம் ரூபாயில் அண்ணன் 12 லட்சமும் தம்பி 8 லட்சமும் போட்டால், 60:40 என்று கிரயப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பணம் வங்கி வழியாகவே போகட்டும். பங்குக்குச் சான்று இல்லாவிட்டால், 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 45-வது பிரிவுப்படி சமபங்கு என்றே கொள்ளப்படும்.

3. வரவு செலவு எப்படி?
இதைத் தனி ஒப்பந்தமாக எழுதுங்கள். தோட்டத்தைப் பார்ப்பவரின் உழைப்புக்கு மாதச் சம்பளம் போட்டு, அதைச் செலவில் சேருங்கள். மீதி லாபத்தைப் பங்குப்படி பிரியுங்கள். போர்வெல், மோட்டார், சொட்டுநீர், பந்தல் செலவும் அதே விகிதத்தில் இருக்கட்டும். தென்னங்கன்று காய்ப்புக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை யார் எவ்வளவு செலவு செய்வது என்பதையும் குறியுங்கள்.

4. பிரிய நேர்ந்தால்?
ஒருவர் தன் பங்கை வெளியாளுக்கு விற்கச் சட்டத்தில் இடம் உண்டு. எனவே முதலில் உடன்பிறந்தவரிடம் கேட்க வேண்டும், விலையை எப்படி முடிவு செய்வது, எத்தனை மாதத்தில் பணம் தருவது என்பதை எழுதுங்கள். கிணற்று நீர் முறையும் வண்டிப் பாதையும் அதில் இடம்பெறட்டும். நிலத்தைப் பிரித்தால் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்குங்கள். ஒருவர் இறந்தால் அவர் பங்கு வாரிசுகளுக்குப் போகும். அப்போது அண்ணியும் பிள்ளைகளும் நம்பி நிற்கப்போவது இந்தக் காகிதத்தைத்தான்.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறுதானே? வில்லங்கச் சான்று, பட்டா, மூலப்பத்திரம் ஆகியவற்றைச் சரிபார்க்கும் நாளிலேயே, இந்த ஒப்பந்தத்தையும் வழக்கறிஞரிடம் எழுதி வாங்கிவிடுங்கள்.