கடைக்குப் போகும்போது நாயும் வரலாமா?

காலை ஆறு மணிக்குச் சென்னையின் எந்தக் குடியிருப்புத் தெருவில் நின்றாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஒரு கையில் மஞ்சப்பை, மறு கையில் நாயின் செயின். பால் பூத்தில் இரண்டு பாக்கெட், மூலைக்கடையில் பேப்பர், கொஞ்சம் தள்ளிக் கீரைக்காரம்மாவிடம் ஒரு கட்டு அரைக்கீரை. ஒவ்வொரு இடத்திலும் நாய் நிற்கிறது, முகர்கிறது, மறுபடி நடக்கிறது. வீட்டுக்காரரின் மூன்று வேலை முடியும்போது நாயின் காலை உலாவலும் முடிந்துவிடுகிறது.

இந்தப் பழக்கம் இப்போது பால் பூத்தைத் தாண்டிவிட்டது. மருந்துக்கடை, ஏடிஎம், தையல்கடை, சலூன், ஞாயிற்றுக்கிழமை என்றால் மால் என்று பல இடங்களுக்கும் நாயும் கூடவே போகிறது. தனிக்குடித்தன வீடுகளில் பகல் முழுக்க ஆள் இருப்பதில்லை. நாயைத் தனியாகப் பூட்டிவைக்க மனசு வருவதில்லை. எண்ணம் நல்லதுதான். ஆனால் எந்த வேலைக்குக் கூட்டிப்போவது, எதற்கு வேண்டாம் என்று முடிவுசெய்யக் கிளம்பும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும்: போன இடத்தில் கடைசிவரை நாய் நம் கூடவே இருக்க முடியுமா? முடியும் என்றால் தாராளமாகக் கூட்டிப்போகலாம். நடுவில் எங்காவது அதை விட்டுவிட்டு உள்ளே போகவேண்டி வரும் என்றால், அன்று அது வீட்டில் இருப்பதே நல்லது.

முகர்வதும் ஒரு வேலைதான்

தெருவில் நடப்பது நாய்க்குக் கால்களுக்கான பயிற்சி மட்டுமில்லை. மனித மூக்கில் வாசனையை உணரும் ஏற்பிகள் சுமார் 50, 60 லட்சம். நாய்க்கோ இனத்தைப் பொறுத்து 30 கோடி வரை இருக்கின்றன. விளக்குக் கம்பத்தின் அடியில் அது ஒரு நிமிடம் மூக்கை வைத்திருந்தால், அந்த வழியாகப் போன மற்ற நாய்களைப் பற்றிய தகவல்களைச் சேகரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அவசரத்தில் செயினைப் பிடித்து இழுத்தால், அது வெளியே வந்ததன் பயனே போய்விடும்.

குட்டிகளுக்கு இந்த வெளியுலகப் பழக்கம் இன்னும் முக்கியம். அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்து ஆராய்ந்த ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் 1965இல் தங்கள் முடிவுகளை நூலாக வெளியிட்டார்கள். பிறந்து மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ 12 வாரம் வரையிலான காலத்தில் குட்டி எவற்றைப் பார்த்துப் பழகுகிறதோ, அவற்றைக் கண்டு பிற்காலத்தில் மிரளாது என்பது அவர்கள் ஆய்வில் தெளிவானது. ஆட்டோ சத்தம், ஹெல்மெட் போட்டவர், குக்கர் விசில், கோயில் மணி எல்லாமே இந்தப் பட்டியலில் சேரும். சிக்கல் என்னவென்றால், தடுப்பூசிகள் முழுமையாகப் போட்டு முடிவதற்கு முன்பே இந்தக் காலம் முடிந்துவிடுகிறது. பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியது. அதனால் சின்னக் குட்டியைத் தரையில் விடாமல், கையிலோ கூடையிலோ வைத்துக் கடைத்தெருவைக் காட்டிவிட்டு வரலாம்.

'அஞ்சு நிமிஷம்தானே' என்ற ஆபத்து

நாயோடு காரில் கிளம்பியவர், சூப்பர் மார்க்கெட்டுக்குள் நாயை விடமாட்டார்கள் என்பதை வாசலில் போய்த்தான் உணர்கிறார். கண்ணாடியை ஓர் அங்குலம் இறக்கிவைத்து, நிழலில் நிறுத்தி, 'அஞ்சு நிமிஷத்தில் வந்துடறேன்' என்று உள்ளே போகிறார். பில் போடும் இடத்தில் நீண்ட வரிசை.

காருக்குள் குழந்தைகள் சிக்கி இறப்பதைத் தடுக்க ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வு, நாய் வளர்ப்பவர்களும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. வெளியே 22 டிகிரி செல்சியஸ் என்ற இதமான வெப்பம் இருந்த நாளில்கூட, நிறுத்திவைத்த காரின் உள்ளே ஒரு மணி நேரத்தில் 47 டிகிரியைத் தொட்டது. ஏறிய வெப்பத்தில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைச் சற்று இறக்கிவைத்ததால் பெரிய பலன் ஏதும் இல்லை. அங்கே 22 டிகிரியிலேயே இந்தக் கதி என்றால், நம் ஊரின் சித்திரை வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம்.

கடை வாசலில் கட்டிப்போட்டுவிட்டுப் போவதும் சரியான மாற்று இல்லை. கட்டப்பட்ட நாயால் விலகிப்போக முடியாது. அருகில் வரும் தெருநாயையோ, வாலைப் பிடித்து இழுக்கும் சிறுவனையோ அது பல்லால்தான் எதிர்கொள்ளும். திருட்டு பயமும் உண்டு. செல்லப்பிராணிகளைக் கடத்துவது பிரிட்டனில் பெருகிப்போய், அதற்கென்றே 2024இல் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். இங்கிலாந்திலும் வடக்கு அயர்லாந்திலும் நாயைக் கடத்தினால் ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை கிடைக்கும்.

காலடியில் கொதிக்கும் தார்

நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதங்களில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். உடல் சூட்டைத் தணிக்க அதற்கு இருக்கும் முக்கிய வழி, நாக்கை நீட்டி இரைப்பதுதான். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி வரை. அது 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப்பாதை குறுகலாக இருப்பதால் இரைப்பதே சிரமம். அவற்றை வெயிலில் நடத்தவே கூடாது.

வெயில் ஏறிய பிறகு தார்ச்சாலை காற்றைவிட மிக அதிகமாகச் சூடாகும். புறங்கையைச் சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். நம்மால் பொறுக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் பொறுக்காது. கோடையில் காலை ஏழு மணிக்கு முன்பும், பொழுது சாய்ந்து சாலை ஆறிய பின்பும்தான் நாயோடு கடைக்குப் போகலாம். ஒரு பாட்டில் தண்ணீரும் சின்னக் கிண்ணமும் பையில் இருக்கட்டும்.

சென்னையில் செல்லநாயைப் பொது இடத்துக்குக் கூட்டி வருகிறவர்கள் செயினோடு வாய்மூடியும் போட வேண்டும் என்று மாநகராட்சி சொல்கிறது. எந்த வாய்மூடி என்பதில்தான் கவனம் தேவை. வாயை இறுக்கிக் கட்டும் துணி வாய்மூடியைப் போட்டால் நாயால் இரைக்க முடியாது. வெயில் நாளில் அது மூச்சை அடைப்பதற்குச் சமம். கூடை வடிவத்தில் இருக்கும் வாய்மூடிக்குள் நாய் வாயைத் திறக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், இரைக்கலாம். வாங்கும்போது கூடை வடிவத்தையே கேட்டு வாங்குங்கள். நீளும் சுருங்கும் வகைச் செயின்கள் நெரிசலான கடைத்தெருவுக்கு ஆகாது. நாலைந்து அடி நீளமுள்ள சாதாரணச் செயினும் நெஞ்சோடு சேரும் ஹார்னஸும் போதும்.

எதிரே வருகிறவருக்கும் உரிமை உண்டு

லண்டன் பாதாள ரயிலில் நாய்க்கு டிக்கெட் கிடையாது. நகரும் படிக்கட்டில் மட்டும் அதைத் தூக்கிக்கொள்ள வேண்டும், பாதம் சிக்கிவிடும் என்பதால். ஜெர்மனியில் துணிக்கடை, புத்தகக்கடைகளுக்குள் நாய் வருவது சாதாரணம். ஆனால் உணவுப்பொருள் கடை என்றால் அங்கேயும் வாசலோடு சரி. நம் ஊரில் மெட்ரோ ரயிலில் செல்லப்பிராணிகளுக்கு இடமில்லை. கடைகளில் அனுமதிப்பதும் மறுப்பதும் பெரும்பாலும் கடைக்காரரின் விருப்பம். போவதற்கு முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டால் வாசலில் வாக்குவாதம் வராது.

நாயைக் கண்டு ஒதுங்குகிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அந்தச் செய்தியைப் படித்த எந்தத் தாய்க்கும் எதிரே வரும் நாயைப் பார்த்தால் நெஞ்சு பதறத்தான் செய்யும். 'ஒண்ணும் பண்ணாதுங்க' என்று சொல்வதைவிடச் செயினைச் சுருக்கிப் பிடித்து, நாயைத் தன் மறுபக்கம் மாற்றி, வழிவிடுவதுதான் மரியாதை. வளர்ப்பவரின் அலட்சியத்தால் பிறர் உயிருக்கு ஆபத்து வரும் நிலை ஏற்பட்டால், பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

தெருநாய்கள் எதிர்ப்பட்டால் கத்தவோ ஓடவோ கூடாது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு. சாலையின் மறுபக்கம் மாறி நிதானமாக நடந்துவிட்டால் பெரும்பாலும் குரைப்போடு முடிந்துவிடும். பிரியாணிக் கடை வாசலில் கிடக்கும் எலும்பிலும் ஒரு கண் இருக்கட்டும். வெந்த கோழி எலும்பு கூரிய சில்லுகளாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

டீக்கடையில் தொடங்கலாம்

முதல் நாளே தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குக் கூட்டிப்போனால் எந்த நாயும் மிரளும். கூட்டம் இல்லாத நேரத்தில் ஒரு டீக்கடை ஓரம் போதும். 'சிட்' என்றால் உட்கார, 'ஸ்டே' என்றால் அங்கேயே இருக்கப் பழக்கி, ஒரு டீ குடித்து முடிக்கும்வரை அது அமைதியாக இருந்தால் பாராட்டி ஒரு துண்டு பிஸ்கட். அடுத்த வாரம் மருந்துக்கடை. பிறகு சற்றுப் பெரிய தெரு.

நாய் சங்கடப்படுவதை அதன் உடம்பே சொல்லிவிடும். தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடும், உதட்டை நக்கிக்கொண்டே இருக்கும், வாலைக் கால்களுக்கு இடையில் இடுக்கும், கண்ணின் வெள்ளை தெரியும்படி ஓரமாகப் பார்க்கும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் வாங்க வந்ததை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புவதுதான் சரி. மளிகையை மாலையில் வாங்கிக்கொள்ளலாம்.

நாயோடு வெளியே கிளம்புகிறவர்கள், ஆண்டுதோறும் போட வேண்டிய ரேபிஸ் தடுப்பூசி போட்டாயிற்றா, மாநகராட்சி உரிமம் எடுத்தாயிற்றா என்பதை முதலில் பாருங்கள். தடுப்பூசிச் சான்று இல்லாமல் சென்னையில் உரிமம் கிடைக்காது. தடுப்பூசி அட்டையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், காலரில் உங்கள் போன் எண் எழுதிய வில்லையை மாட்டுங்கள், கழிவை அள்ள ஒரு பை எடுத்துக்கொள்ளுங்கள். நாயை உள்ளே விடாத கடைக்குப் போகும் நாளில் மட்டும், ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துவிட்டு, அதை மின்விசிறிக் காற்றில் வீட்டிலேயே இருக்க விடுங்கள்.