தானாக ஆறிய புண்

மருந்துக்கடை வைத்தியம்

இரவில் மருந்துக்கடையில் கூட்டம் கலையும்வரை ஓரமாக நிற்கும் இளைஞர்களைக் கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். கடைசி ஆள் பணம் கொடுத்து நகர்ந்ததும் கிட்டே வந்து, "அண்ணே, அந்த இடத்துல ஒரு புண்ணு மாதிரி இருக்கு, ஆயின்மென்ட் ஏதாவது இருக்கா?" என்று தணிந்த குரலில் கேட்பார்கள். ஒரு டியூப் களிம்பும் மூன்று நாள் ஆன்டிபயாடிக்கும் கைக்கு வரும். சில வாரங்களில் புண் ஆறிவிடும். நல்லவேளை, யாருக்கும் தெரியாமல் முடிந்தது என்று அந்தப் பையன் நிம்மதி அடைவான்.

சிக்கல் அந்த நிம்மதியில்தான் இருக்கிறது. சிபிலிஸ் என்னும் பால்வினை நோயின் முதல் புண் பெரும்பாலும் வலிக்காது. கிருமி தொற்றிச் சுமார் மூன்று வாரத்தில் தோன்றும். மருந்தே போடாவிட்டாலும் மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் தானாக ஆறிவிடும். களிம்பு ஆற்றியது போலத் தெரியும். கிருமியோ ரத்தத்தில் இருக்கும். சில வாரங்களோ மாதங்களோ கழித்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பில்லாத தடிப்புகள் வரலாம். அதையும் "சூட்டுக்கொப்புளம்" என்று விட்டுவிடுவோம். அதுவும் தானாக மறையும். கவனிக்காமல் விட்டால், ஆண்டுகள் பல கடந்தபின் இதயத்தையும் மூளையையும்கூடத் தாக்கும் நோய் இது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பென்சாதின் பென்சிலின் ஊசி, 24 லட்சம் யூனிட், ஒரே தவணை. அவ்வளவுதான் வைத்தியம்.

எய்ட்ஸ் இல்லை, அப்புறம் என்ன?

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் செய்த வேலை அது. பிறகு இரண்டாயிரத்தின் தொடக்கத்தில், "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று ஊர்ச் சுவரெல்லாம் கேட்டது நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பிரசாரங்கள் பலன் தந்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பால்வினை நோய் என்றாலே எய்ட்ஸ் மட்டும்தான் என்ற எண்ணமும் கூடவே வேரூன்றிவிட்டது. எச்.ஐ.வி. பரிசோதனையில் நெகட்டிவ் வந்தால் எல்லாம் சரி என்று நினைக்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2020இல் மட்டும் 15 முதல் 49 வயதுக்குள் 37 கோடிக்கும் மேற்பட்ட புதிய தொற்றுகள். அவை கிளமிடியா, கொனோரியா, சிபிலிஸ், டிரைக்கோமோனியாசிஸ் ஆகிய நான்கில் மட்டும். நான்கும் மருந்தில் குணமாகக் கூடியவை.

இவற்றில் பெண்களைச் சத்தமில்லாமல் கெடுப்பது கிளமிடியா. பெரும்பாலான பெண்களுக்கு அறிகுறியே இருக்காது. கருக்குழாயில் தழும்பு விழுந்து, திருமணமாகிக் குழந்தைக்காக மருத்துவமனை ஏறி இறங்கும்போதுதான் பழைய தொற்றின் வேலை தெரியவரும். அப்போதும் ஊரார் பேச்சைக் கேட்பது அந்தப் பெண்தான். தொற்றைக் கொண்டுவந்த கணவனை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

வெள்ளைப்படுதல் எல்லாமே பால்வினை நோய் அல்ல. ஆனால் நாற்றம், நிற மாற்றம், அடிவயிற்று வலி, உறவின்போது வலி இவற்றில் ஏதாவது சேர்ந்திருந்தால், "உடம்பு சூடு" என்று மோர் குடித்துக்கொண்டு இருக்கக் கூடாது.

ஆணுறையைப் பற்றிச் சொல்லாமல் விட்டவை

ஆணுறை அணிய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தேங்காயெண்ணெய், வாசலின், பேபி ஆயில் எதுவும் லேடெக்ஸ் ஆணுறையோடு சேரக் கூடாது என்பது பலருக்குத் தெரியாது. எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் வலுவிழந்து கிழியும். மாதக்கணக்கில் பர்ஸிலும் பைக் சீட்டுக்கு அடியிலும் வெயிலில் கிடந்த பாக்கெட்டும் அப்படித்தான். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு போட்டுக்கொள்வது கூடுதல் பாதுகாப்பு அல்ல. உராய்வில் இரண்டும் கிழியலாம்.

ஆணுறை மூடாத தோல் வழியாகவும் ஹெர்ப்பிஸ், எச்.பி.வி., சிபிலிஸ் தொற்றக் கூடும். வாய்வழி உறவிலும் கொனோரியாவும் சிபிலிஸும் பரவும். கருத்தடை மாத்திரை கருவைத்தான் தடுக்கும், கிருமியை அல்ல. இத்தனை இருந்தும், கையருகே கிடைக்கும் பாதுகாப்பில் ஆணுறையை விஞ்ச ஒன்றுமில்லை.

இரண்டு கிருமிகளுக்குத் தடுப்பூசி உண்டு. ஒன்று ஹெப்படைட்டிஸ் பி. மற்றது கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. எச்.பி.வி. தடுப்பூசியை 9 முதல் 14 வயதுக்குள், அதாவது எந்த உறவும் தொடங்குமுன் போடுவதே அதிகப் பலன் தரும். "சின்னப் பொண்ணுக்கு எதுக்கு இந்த ஊசி?" என்று முகம் சுளிக்கும் பெற்றோர் இதைப் புற்றுநோய்த் தடுப்பூசி என்றே எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவிலேயே தயாராகும் செர்வாவேக் என்ற எச்.பி.வி. தடுப்பூசி 2023இல் வெளிவந்தது.

சுகவாழ்வு மையம்

அரசு மருத்துவமனைகளில் "சுகவாழ்வு மையம்" என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். பால்வினை நோய்களுக்கான இலவசப் பிரிவு அது. எச்.ஐ.வி. பரிசோதனைக்கு "நம்பிக்கை மையம்".

உள்ளே போனால் ஆலோசகர் ஒருவர் தனியாக உட்காரவைத்துக் கேட்பார்: எப்போது தொடங்கியது, கடைசியாக உறவு கொண்டது எப்போது, ஆணுறை உண்டா. பிறகு மருத்துவர் பார்ப்பார், ரத்தம் எடுப்பார்கள். மருந்துகள் நிறம் பிரித்த பெட்டிகளில் வரும்: ஆணுறுப்பில் சீழ் வடிந்தால் சாம்பல் நிறம், புண் என்றால் வெள்ளை, ஹெர்ப்பிஸுக்குச் சிவப்பு, அடிவயிற்றுத் தொற்றுக்கு மஞ்சள். அறிகுறியைப் பார்த்து அன்றைக்கே மருந்து கொடுத்து அனுப்புவதற்கான ஏற்பாடு இது.

அவசியம் கேட்கப்படும் ஒன்று, "துணையை அழைத்து வர முடியுமா?" பலர் நழுவுவது இந்த இடத்தில்தான். தான் மட்டும் மருந்து சாப்பிட்டு, சிகிச்சை பெறாத துணையிடமிருந்து மறுபடியும் தொற்றிக்கொண்டு, "மருந்து வேலை செய்யலை" என்று திரும்பி வருவார்கள்.

வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயத்துக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டப்படி ஒருவரின் சம்மதமின்றி எச்.ஐ.வி. பரிசோதனை செய்யவோ முடிவை வெளியிடவோ பொதுவாக முடியாது. 18 வயதுக்குக் கீழே நிலைமை வேறு. சிறார் மீதான பாலியல் குற்றங்களைத் தடுக்கும் போக்சோ சட்டம், மருத்துவரும் காவல்துறைக்குத் தகவல் தெரிவிக்க வேண்டும் என்கிறது. குழந்தைகளைக் காக்க வந்த சட்டம்தான்; ஆனால் காதலில் விழுந்த பதினேழு வயதுப் பிள்ளைகள் மருத்துவமனையைக் கண்டு ஒதுங்கவும் அதுவே காரணமாகிறது. அந்த வயதுப் பிள்ளை வாய்திறந்தால், முதலில் அடிக்கக் கை ஓங்காத ஒரு பெரியவர் வீட்டில் இருக்க வேண்டும்.

72 மணி நேரம்

பாதுகாப்பற்ற உறவோ, ஆணுறை கிழிந்ததோ, பலாத்காரமோ, எச்.ஐ.வி. தொற்றியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் காத்திருக்கக் கூடாது. 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மறுநாளே செய்த ரத்தப் பரிசோதனையில் நெகட்டிவ் என்று வருவதற்குப் பொருளில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும்.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் கட்டணமில்லா எண் 1097. தமிழிலேயே பேசலாம்.