சுவரில் சிரிக்கும் குழந்தைகள் போதாது

பென்சில் மேல் உட்கார்ந்திருக்கும் பையனையும் பெண்ணையும் அரசுப் பள்ளிச் சுவர்களில் பார்க்காதவர்கள் குறைவு. 2018 வரை தனித் திட்டமாக நடந்த அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் சின்னம் அது. நல்ல சின்னம்தான், பார்த்ததும் திட்டத்தின் பெயர் ஞாபகம் வந்துவிடும். ஆனால் அந்தப் பள்ளிக்கு இந்த ஆண்டு எவ்வளவு பணம் வந்தது, அதைக் கேட்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதையெல்லாம் அது சொல்லாது. கல்விச் சீர்திருத்தத்துக்காகச் சுவரொட்டி வடிவமைப்பவர்கள் நிறத்தையும் எழுத்துருவையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பார்த்தவர் அடுத்து என்ன செய்வார் என்பதைத்தான் முதலில் முடிவுசெய்ய வேண்டும்.

இதற்கு உகாண்டாவின் அனுபவம் நல்ல சாட்சி. 1991 முதல் 1995 வரை, மாணவர் எண்ணிக்கைப்படி அரசு ஒதுக்கிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதமே பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. மீதி பெரும்பாலும் மாவட்ட அளவிலேயே கரைந்தது. பிறகு, எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்பதை அரசு நாளிதழ்களில் அச்சிடத் தொடங்கியது. வந்த தொகையைப் பள்ளியிலும் எழுதி ஒட்டச் சொன்னது. 2001இல் 80 சதவீதத்துக்கு மேல் வந்து சேர்ந்தது. அதே காலத்தில் நிதி நிர்வாகத்திலும் வேறு சீர்திருத்தங்கள் நடந்தனவே, எல்லாப் பெருமையும் நாளிதழுக்கா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனாலும், நாளிதழ் விற்கும் இடத்துக்கு அருகிலிருந்த பள்ளிகளுக்கே கூடுதல் பணம் கிடைத்ததாகப் பொருளியலாளர்கள் ரெய்னிக்கா, ஸ்வென்சன் நடத்திய ஆய்வு காட்டியது. ஓவியம் எதுவும் இல்லாத வெறும் எண்கள்தாம் அவை!

தகவல் மட்டுமே போதும் என்பதற்கு, அந்தக் கேள்வியைவிடக் கனமான மறுப்பு உத்தரப்பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்திலிருந்து வந்தது. அங்கே 280 கிராமங்களில் நடந்த ஆய்வில், கிராமக் கல்விக் குழு பற்றியும் பிள்ளைகளின் வாசிப்புத் திறன் பற்றியும் மக்களுக்கு எடுத்துச் சொன்னதால் மட்டும் அரசுப் பள்ளியில் மாற்றம் எதுவும் வரவில்லை. இளைஞர்களுக்குப் பயிற்சி தந்து வாசிப்பு வகுப்பு நடத்தவைத்த கிராமங்களில்தான் பிள்ளைகளின் வாசிப்பு முன்னேறியது. தகவலோடு கைக்கு ஒரு வேலையும் வேண்டும் என்பதே இதன் பொருள்.

அந்த வேலையைச் செய்யக்கூடியவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். வந்த மானியம், செலவு, மீதி, அடுத்த கூட்டத்தின் தேதி, நேரம் ஆகியவற்றைப் பத்தடி தள்ளி நின்றாலும் படிக்கும்படி கொட்டை எழுத்தில் எழுதிவைத்தால், குழுவில் இருக்கும் ஒரு தாய் எதைக் கேட்பது என்று தெரிந்தே கூட்டத்துக்குப் போவார். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுபவருக்கு ரூபாய்க் குறியும் நாள்காட்டிப் படமும் கைகொடுக்கும். பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூச நிதி ஒதுக்குகிறவர்களே, மாதாமாதம் அழித்து எழுத நுழைவாயில் அருகே ஒரு கரும்பலகைக்கும் இடம் விடுங்கள்.